ஏரி நீரின் கரைந்த கரிமமும் அதை உட்கொள்ளும் பாக்டீரியாவும்
சேர்வராயன் அடிவார நீர்நிலைகளை முன்வைத்து

1. கரைந்த கரிமம்

தெளிந்த ஏரி நீரை எவ்வளவு நுண்ணிய வடிகட்டியில் வடித்தாலும் அதில் கரிமம் எஞ்சி நிற்கும். 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியைக் கடந்து வரும் கரிமப் பொருள் அனைத்தையும் ‘கரைந்த கரிமம்’ என்று கொள்வது நீரியலாளர் வழக்கம். பெரும்பாலான நன்னீர் ஏரிகளில் இது லிட்டருக்கு 1 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்கிறது. மீன், பாசி, மிதக்கும் துகள் ஆகிய எல்லாவற்றிலும் அடங்கிய கரிமத்தைக் கூட்டினாலும் கரைந்த கரிமம் அதைப்போல் பல மடங்கு இருக்கும். ஏரியின் உணவில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் நீரிலேயே கரைந்து கிடக்கிறது. அதை நேரடியாக உண்ணவல்ல முதன்மையான உயிரினம் பாக்டீரியா.

இக்கரிமம் ஏரிக்கு இரண்டு வழிகளில் சேர்கிறது. முதலாவது, வெளியிலிருந்து வருவது. சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த கொண்டப்பநாயக்கன்பட்டிப் பகுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மலைச்சரிவில் உள்ள காட்டின் இலைமக்கையும் காப்பித் தோட்டங்களின் மேல்மண்ணையும் மழைநீர் ஊறவைத்து, அவற்றின் சாற்றை ஓடைகளில் இறக்குகிறது. அந்த நீர் அடிவாரத்தைக் கடந்து கன்னங்குறிச்சி மூக்கனேரி போன்ற சமவெளி ஏரிகளை அடைகிறது. முதல் மழையில் ஓடை நீர் வெளிறிய தேநீரின் நிறம் கொண்டிருப்பதற்கு, மண்ணோடு கலந்துவரும் ஹியூமிக் பொருள்களும் ஒரு காரணம். மரத்தின் லிக்னினும் இலையின் டானினும் பாதி சிதைந்து உருவான கூட்டுப்பொருள்கள் இவை.

இரண்டாவது, ஏரிக்குள்ளேயே உருவாவது. மிதவைப் பாசிகள் ஒளிச்சேர்க்கையில் ஆக்கும் கரிமம் முழுவதையும் தம்முள் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பகுதியைக் கசியவிடுகின்றன. பெயின்ஸ், பேஸ் ஆகிய இருவரும் பல நீர்நிலைகளின் தரவுகளைத் தொகுத்து 1991இல் வெளியிட்ட ஆய்வு, இக்கசிவைச் சராசரியாக 13 விழுக்காடு என்று கணித்தது. பாசியை மேயும் நுண்விலங்குகள் சிந்துவதும், வைரஸ் தாக்கிப் பாசிச் செல்கள் வெடிக்கும்போது வெளியேறுவதும் இதனுடன் சேரும். இவ்வாறு வருபவற்றில் அமினோ அமிலங்கள், சர்க்கரைகள், கிளைக்கோலிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் மிகுதி.

2. இருப்பும் ஓட்டமும்

மலையிலிருந்து வரும் ஹியூமிக் பொருள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். குளுக்கோஸோ தனி அமினோ அமிலமோ மைக்ரோகிராம் கணக்கில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் கிடைக்கும். இந்த எண்களை மட்டும் பார்த்தால் குளுக்கோஸ் பொருட்படுத்தத் தக்கதன்று என்று தோன்றும். நிலைமை நேர்மாறானது. பாக்டீரியா விரும்பி உண்பதாலேயே அது நீரில் தங்குவதில்லை. உண்ண முடியாததாலேயே ஹியூமிக் பொருள் தேங்கிக் கிடக்கிறது.

ஒரு கணக்கால் இதை விளக்கலாம். ஒரு லிட்டர் நீரில் எந்நேரமும் 2 மைக்ரோகிராம் குளுக்கோஸ் இருப்பதாகவும், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அது முழுதும் உண்ணப்பட்டுப் புதிதாக நிரம்புவதாகவும் கொள்வோம். ஒரு நாளில் பாக்டீரியா எடுத்துக்கொண்டது 8 மைக்ரோகிராம். நீரில் காணக் கிடைப்பதோ 2 மட்டுமே. ஆகவே, நீரில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து அது எவ்வளவு உண்ணப்படுகிறது என்று சொல்ல இயலாது. ஏரியின் இயக்கத்தைத் தீர்மானிப்பது கரிமத்தின் இருப்பைவிட அதன் ஓட்டமே.

3. உண்ணும் உடலின் அளவு

ஒரு மில்லிலிட்டர் ஏரி நீரில் பொதுவாகப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றில் பல அரை மைக்ரோமீட்டர் விட்டமே உள்ளவை. இச்சிறுமையே அவற்றின் வலிமை. உருண்டை வடிவ உடலின் விட்டம் பாதியாகக் குறைந்தால், கன அளவுக்கு எதிரான மேற்பரப்பின் விகிதம் இரு மடங்காகிறது. உணவு உள்ளே வருவது மேற்பரப்பின் வழியாகத்தான்.

அரை மைக்ரோமீட்டர் விட்டமும், மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையும் கொண்டு கணக்கிட்டால், ஒரு கன மீட்டர் நீரிலுள்ள பாக்டீரியாக்களின் மொத்தக் கன அளவு ஒரு கன சென்டிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குதான். மொத்த மேற்பரப்போ ஏறக்குறைய 0.8 சதுர மீட்டர். கடுகளவு உடலை ஒரு பாய் அகலத்துக்கு விரித்து உணவு பிடிக்கும் ஏற்பாடு இது. உணவு அவ்வளவு அருகியிருப்பதால் இந்த விரிவு தேவைப்படுகிறது. ஒரு லிட்டரில் 2 மைக்ரோகிராம் குளுக்கோஸ் என்றால், ஒரு கன மைக்ரோமீட்டர் நீரில் ஏறக்குறைய ஏழு மூலக்கூறுகளே இருக்கும்.

4. வெளியே உடைத்தல்

பாக்டீரியாவுக்கு வாய் இல்லை. செல்சுவரைத் தாண்டக்கூடிய அளவுள்ள மூலக்கூறு மட்டுமே அதற்கு உணவு. உள், வெளி என இரு சவ்வுகள் கொண்ட கிராம்-எதிர் வகை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் போரின் என்னும் புரதத் துளைகள் உள்ளன. மூலக்கூறு எடையின் அலகான டால்டனில் ஏறத்தாழ 600க்கு மேற்பட்ட மூலக்கூறு பொதுவாக இத்துளையில் நுழையாது. லியூசின் 131, குளுக்கோஸ் 180, கரும்புச் சர்க்கரை 342 டால்டன். இவை எளிதில் நுழையும். ஸ்டார்ச், புரதம், செல்லுலோஸ் ஆகியவை ஆயிரம், லட்சம் டால்டன் கணக்கில் எடை கொண்டவை. அப்படியே நுழைய வழியில்லை.

எனவே பெரிய மூலக்கூறுகளை முதலில் வெளியிலேயே உடைத்தாக வேண்டும். இதற்கென நொதிகள் செல்லின் புறப்பரப்பில் ஒட்டியோ, நீரில் விடப்பட்டோ இயங்குகின்றன. அமைலேஸ் ஸ்டார்ச்சையும், அமினோபெப்டிடேஸ் புரதத் துண்டுகளையும், குளுக்கோசிடேஸ் சர்க்கரைச் சங்கிலிகளையும் வெட்டுகின்றன. பாஸ்படேஸ் கரிமச் சேர்மங்களிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கிறது. கரிமம் பாக்டீரியாவுக்குள் செல்லும் வேகத்தைப் பல நேரங்களில் கட்டுப்படுத்துவது இந்த முதல் வெட்டுதான்.

வெளியே வெட்டுவதில் ஓர் இழப்பும் உண்டு. வெட்டிய துண்டுகள் நீரில் விலகிச்செல்ல, நொதியைச் செய்யாத பாக்டீரியாக்களும் அவற்றை எடுத்துக்கொள்கின்றன. பாக்டீராய்டீஸ் பிரிவைச் சேர்ந்த பல இனங்கள் இதற்கு மாற்று வைத்துள்ளன. அவை பெரிய சர்க்கரைச் சங்கிலியை மேற்பரப்பில் பற்றி, ஓரளவு மட்டும் வெட்டி, தனிப்பட்ட வாயில்கள் வழியே இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளிக்குள் இழுத்துக்கொண்டு, மீதி வேலையை அங்கே முடிக்கின்றன.

5. சவ்வைக் கடத்தல்

போரினைக் கடந்த மூலக்கூறு இரு சவ்வுகளின் நடுவே நிற்கிறது. உட்சவ்வில் பொதுத்துளை கிடையாது. ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனித்தனிக் கடத்திப் புரதம் உண்டு. வெளியே நானோமோலார் அளவிலும் உள்ளே அதைவிடப் பல மடங்கும் செறிவு இருப்பதால், கடத்தல் என்பது மேட்டை நோக்கிய பயணம். அதற்கு ஆற்றல் செலவாகும்.

ஏரிப் பாக்டீரியாவில் மிகுதியாகக் காணப்படுவது ஏபிசி கடத்தி. இதில் பற்றுப்புரதம் ஒன்று அமினோ அமிலத்தையோ சர்க்கரையையோ வலுவாகப் பிடித்துச் சவ்விலுள்ள வாயிலில் ஒப்படைக்கிறது. வாயில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டு அதை உள்ளே தள்ளுகிறது. செலவு கூடுதல், பிடியும் உறுதி. அதனால்தான் உணவு அருகிய நீரில் இம்முறை பொருந்துகிறது. சிறு கரிம அமிலங்களை உள்ளே கொண்டுவரும் ட்ரேப் கடத்தி, ஏடிபிக்குப் பதிலாகச் சவ்வின் இரு பக்க அயனி வேறுபாட்டைப் பயன்படுத்துகிறது. உணவு மிகுந்த சூழலில் வாழும் குடற்பாக்டீரியாக்கள் சர்க்கரையை உள்ளிழுக்கும்போதே அதனுடன் பாஸ்பேட்டைச் சேர்த்துவிடும் முறையைக் கையாளுகின்றன. ஏரியின் நுண்ணுடல் இனங்கள் ஒரே உணவுக்காகக் காத்திராமல், கிடைக்கும் பல சேர்மங்களை ஒரே நேரத்தில் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கின்றன.

6. அளந்த முறைகள்

இத்தகைய நுண்ணளவு ஓட்டத்தை அளக்க வழிவகுத்தது கதிரியக்கக் கரிமம். 1960களின் நடுவில் ரிச்சர்ட் ரைட், ஜான் ஹாபி ஆகிய இருவரும் சுவீடனின் எர்க்கன் ஏரி நீரில் கார்பன்-14 கொண்ட குளுக்கோஸையும் அசிட்டேட்டையும் வெவ்வேறு அளவில் சேர்த்து, உயிரிகள் அவற்றை எடுக்கும் வேகத்தை அளந்தனர். செறிவு மிகக் குறைவாக இருக்கையிலேயே வேகம் விரைந்து உயர்ந்து, பின் ஓர் உச்சத்தில் நிலைத்தது. நொதிகளுக்கு மைக்கேலிஸ், மென்டன் வகுத்த வளைகோட்டின் வடிவம் இது. கடத்திப் புரதங்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருப்பதை அது காட்டுகிறது. பாசிகளோ செறிவு மிகும்போது மட்டும், பரவல் வழியே நேர்விகிதத்தில் எடுத்தன. இயற்கையான செறிவில் குளுக்கோஸுக்கான போட்டியில் பாக்டீரியாவே வெல்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. ஏரியிலுள்ள ஒரு பொருள் முழுதும் உண்டு தீர எத்தனை மணி நேரம் ஆகும் என்னும் சுழற்சிக் காலத்தையும் இம்முறை தந்தது.

1980களின் தொடக்கத்தில் ஃபர்மன், அசாம் ஆகியோர் தைமிடின் முறையையும், 1985இல் கெர்ச்மன் குழுவினர் லியூசின் முறையையும் கொணர்ந்தனர். பாக்டீரியாவின் வளர்ச்சி வேகத்தை அளக்க அவை வழி செய்தன. 1999இல் கதிரியக்கப் படப்பதிவையும் மரபணு அடையாளச் சாயத்தையும் இணைத்த முறை வந்தபின், எந்த இனத்தின் எந்தச் செல் எந்தப் பொருளை எடுத்தது என்பதை நுண்ணோக்கியின் கீழ் தனித்தனியே காண முடிந்தது.

தமிழ்நாட்டில் ஏரிக் கரிமத்தின் மறுபக்கமான ஆக்கத்தை அளக்கும் மரபு பழையது. மாநில மீன்வளத் துறையைச் சேர்ந்த ஏ. சீனிவாசன் 1960களில் மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம் முதலானவற்றின் ஒளிச்சேர்க்கை உற்பத்தியை அளந்து வெளியிட்டார். வெப்பமண்டல நீர்நிலைகளில் பாசி ஆக்கும் கரிமம் எவ்வளவு என்று அறிந்தால்தான் பாக்டீரியா உண்பதை அதனோடு ஒப்பிட முடியும்.

7. எது எதை உண்கிறது

உலகின் நன்னீர் ஏரிகளில் பரவலாகக் காணப்படும் பாக்டீரியாக் குழுக்கள் சிலவே. அவற்றின் உணவுப் பழக்கம் தெளிவாக வேறுபடுகிறது.

ஆக்டினோபாக்டீரியாவில் ‘ஏசிஐ’ எனப்பட்டு, இப்போது நானோபெலாஜிகேலீஸ் என்னும் வரிசையில் வைக்கப்பட்டுள்ள குழு, பல ஏரிகளில் எண்ணிக்கையில் முதலிடம் பெறுகிறது. மிகச் சிறிய உடலும் மிகச் சிறிய மரபணுத் தொகுதியும் கொண்டது. அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள், சர்க்கரைகள், பாலிஅமைன்கள் ஆகியவற்றை எடுக்கும் கடத்திகள் இதில் உண்டு. ஆக்டினோரோடாப்சின் என்னும் புரதத்தால் ஒளியிலிருந்தும் ஆற்றல் பெறவல்லது. தனக்குத் தேவையான சில வைட்டமின்களையும் அமினோ அமிலங்களையும் தானே ஆக்க இயலாமல், பிற உயிரிகள் கசியவிடுவதை நம்பி வாழ்கிறது.

கடலில் கோலோச்சும் எஸ்ஏஆர்-11 குழுவின் நன்னீர்க் கிளை எல்டி-12. இதுவும் சிறிய உடலினது; குறைந்த செறிவிலுள்ள அமினோ அமிலங்களையும் கரிம அமிலங்களையும் எடுக்கிறது. லிம்னோஹாபிட்டன்ஸ் பேரினம் இதற்கு நேரெதிர். பாசி கசியவிடும் புதிய சேர்மங்களைப் பற்றி விரைந்து பெருகும். பருத்த செல்களாதலால் கசையிழை உயிரிகளுக்கு விரைவில் இரையாகும். பாலிநியூக்ளியோபாக்டர் ஹியூமிக் பொருள் மிகுந்த நீரில் செழிக்கும். அங்கே அது உண்பது ஹியூமிக் பொருளை அன்று. வெயிலில் அது சிதைந்து தரும் அசிட்டிக் அமிலம் போன்ற சிறு அமிலங்களை. ஃபிளேவோபாக்டீரியம் போன்றவை பாசி செத்து அழுகும் நாட்களில் கூட்டுச் சர்க்கரைகளைத் தாக்கிப் பெருகுகின்றன.

8. உண்டது எங்கே போகிறது

உள்ளே சென்ற கரிமம் இரு பங்காகிறது. ஒரு பங்கு புதிய செல்லாகிறது. மறு பங்கு சுவாசத்தில் கார்பன் டை ஆக்சைடாகிறது. டெல் ஜியார்ஜியோவும் கோலும் 1998இல் தொகுத்த தரவுகளில் செல்லாகும் பங்கு 5 விழுக்காட்டுக்குக் கீழிருந்து 60 விழுக்காடு வரை வேறுபட்டது. ஊட்டம் குறைந்த நீரில் இப்பங்கு சிறிது. வளமான நீரில் பெரிது. பாஸ்பரஸும் நைட்ரஜனும் போதாதபோது, உண்ட கரிமத்தைப் பாக்டீரியா உடலாக்க முடியாமல் எரித்துவிடுகிறது.

செல்லான பங்கைக் கசையிழை உயிரிகளும் குற்றிழை உயிரிகளும் மேய்கின்றன. அவற்றை நீர்த்தெள்ளு போன்ற நுண்விலங்குகளும், அவற்றை மீன்குஞ்சுகளும் உண்கின்றன. பாசியிடமிருந்து கசிந்து வீணானதாகத் தோன்றிய கரிமம் இவ்வாறு உணவு வலைக்குத் திரும்புகிறது. 1983இல் ஃபரூக் அசாமும் பிறரும் இதற்கு ‘நுண்ணுயிர்ச் சுற்று’ என்று பெயரிட்டனர். சுவாசத்தில் வெளியேறும் பங்கும் சிறிதன்று. ஜோனதன் கோல் குழுவினர் 1994இல் 1,835 ஏரிகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, மாதிரிகளில் 87 விழுக்காடு, காற்றோடு சமநிலையில் இருந்தால் இருக்கவேண்டியதைவிட மிகுதியான கார்பன் டை ஆக்சைடைக் கொண்டிருந்தன. நிலத்திலிருந்து வந்த கரிமம் ஏரியில் எரிந்து வளிமண்டலத்துக்குப் போவதன் அடையாளமாக இது கொள்ளப்படுகிறது.

9. வெயிலும் வெப்பமும்

மேற்கண்ட அறிவில் பெரும்பகுதி குளிர்நாட்டு ஏரிகளிலிருந்து வந்தது. சேலம் சமவெளியின் ஏரிகள் ஆழமற்றவை. ஆண்டின் பெரும்பகுதி நீர் 25 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும். பொதுவாக 10 பாகை உயர்வுக்கு உயிர்வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆக்சிஜன் கரைவதோ குறைகிறது: 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 பாகையில் 7.5 மில்லிகிராம். உண்ணும் வேகம் கூடுகிறது. எரிக்கத் தேவையான ஆக்சிஜன் கையிருப்பு சுருங்குகிறது. பாசி பகலில் ஆக்சிஜன் தருவதால் நெருக்கடி இரவில் முற்றி, விடியற்காலையில் உச்சமடைகிறது. மீன்கள் அந்நேரம் நீர்மேல் வாய் திறந்து மிதப்பதற்குக் காரணம் இதுவே.

கடும் வெயில் வேறொன்றும் செய்கிறது. புறஊதாக் கதிர் ஹியூமிக் பொருளைச் சிதைத்து ஃபார்மிக், அசிட்டிக், பைருவிக் போன்ற சிறு அமிலங்களை விடுவிக்கிறது. பாக்டீரியாவால் தொட முடியாமலிருந்த தேக்கம் அதன் வாயிலுக்கு ஏற்ற அளவாகிறது. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்து மண்கலங்கல் அடங்கிய ஏரியில் கதிர் ஊடுருவுவதும் எளிது.

10. கரிமம் மிகும்போது: ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குச் செல்கிறது. இத்தொழிலுக்கான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் சேலத்தில் தொடங்கியது. கிழங்கை அரைத்துத் திப்பியைப் பிரித்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, மாவு படிந்தபின் மேல்நீரை வெளியேற்றுகிறார்கள். அந்த நீரில் எஞ்சிய ஸ்டார்ச்சும் சர்க்கரையும் கரைந்திருக்கும். சில மணி நேரத்தில் புளித்து லாக்டிக், அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களாகும். கிழங்கின் லினமாரினிலிருந்து பிரியும் சயனைடும் அதில் உண்டு. ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிக்கும் நொதியைச் சயனைடு தடுப்பதால், அதற்குப் பழகாத பாக்டீரியாக்கள் முடங்குகின்றன.

இத்தகைய நீரின் வலிமையை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்னும் அளவையால் சொல்கிறார்கள். மாதிரியை மூடிய குப்பியில் வைத்து, பாக்டீரியா கரிமத்தை உண்டு எரிக்கையில் எவ்வளவு ஆக்சிஜன் குறைகிறது என்று பார்ப்பதே சோதனை. பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம் 1912இல் பரிந்துரைத்த ஐந்து நாள் கெடு உலகெங்கும் பரவியது. இந்தியாவின் வெப்பத்துக்கு ஏற்ப இங்கே 27 பாகையில் மூன்று நாள் என்று வகுத்திருக்கிறார்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுக்கு உச்சவரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம்; குளிக்கத் தக்க நீருக்கு 3.

சுத்திகரிக்காத ஸ்டார்ச் கழிவில் இத்தேவை ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வரும். 3,000 என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் கழிவு 30 பாகையிலுள்ள 400 லிட்டர் ஏரி நீரின் ஆக்சிஜன் முழுவதையும் தீர்த்துவிடும். உணவு அருகிய நீருக்குப் பழகிய நுண்ணுடல் இனங்கள் இங்கே பின்தங்க, விரைந்து பெருகும் இனங்கள் மேலோங்குகின்றன. ஆக்சிஜன் தீர்ந்தபின் நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்பட்டு, ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் கிளம்புகின்றன. இரும்பு கரையும்போது அதனோடு பிணைந்து வண்டலில் கிடந்த பாஸ்பேட் மேலெழுந்து நீலப்பச்சைப் பாசியை வளர்க்கிறது. அப்பாசி செத்து மீண்டும் கரிமமாகிறது. வந்த கழிவு நின்றபின்னும் ஏரி உடனே தேறாததற்கு இந்தச் சுழலே காரணம்.

அதே வினைகளை மூடிய கலனில் நடத்துவதே சாண எரிவாயு முறை. ஸ்டார்ச் ஆலைகள் சில தம் கழிவை இவ்வாறு செரிக்கவைத்து, கிடைக்கும் மீத்தேனை எரிபொருளாக்குகின்றன. முதல் குழு பாக்டீரியா ஸ்டார்ச்சை உடைக்கும்; அடுத்தது அமிலமாக்கும்; இறுதியில் மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியா அசிட்டேட்டையும் ஹைட்ரஜனையும் உட்கொள்ளும். ஏரிக்குள் கேடாகும் ஓட்டம் கலனுக்குள் பயனாகிறது.

11. பராமரிப்பும் குடிநீரும்

ஏரியைப் பேணும் பணிகள் பலவும் கரிம ஓட்டத்தைச் சீராக்கும் பணிகளே. வரத்து வாய்க்காலில் சாக்கடை கலவாமல் தடுப்பது வரவைக் குறைக்கிறது. தூர்வாருவது பாஸ்பேட் தாங்கிய வண்டலை அகற்றுகிறது. ஆகாயத்தாமரையை வெட்டி ஏரிக்குள்ளேயே விட்டால் அது அழுகிக் கரைந்த கரிமமாகத் திரும்பும்; கரையேற்றினால்தான் பயன். 2010 முதல் சேலம் குடிமக்கள் முன்னெடுத்த மூக்கனேரிச் சீரமைப்பில், எடுத்த மண்ணை ஏரிக்குள் திட்டுகளாக்கி மரங்கள் நட்டனர்.

குடிநீர் வழங்கலிலும் இதே நெறி செல்லும். ஹியூமிக் பொருள் குளோரினோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் முதலான டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகும் என்பதை நெதர்லாந்தின் ரூக் 1974இல் காட்டினார். அதே நாட்டின் வான் டெர் கூய், சுத்திகரித்த நீரில் குறிப்பிட்ட பாக்டீரியாவை வளர்த்து, அது உட்கொள்ளத் தக்க கரிமத்தை மட்டும் அளக்கும் முறையை வகுத்தார். அந்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், குளோரின் எஞ்சாத குழாயிலும் பாக்டீரியா பெருகாது. அதே நீரில் மொத்தக் கரைந்த கரிமம் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கலாம். ஏரியிலும் குழாயிலும் நீரின் தன்மையை முடிவுசெய்வது அந்த மொத்தமன்று. அதில் பாக்டீரியாவின் வாயில் வழியே நுழையக்கூடிய சிறு பங்கும், அது வந்து சேரும் வேகமுமே.